சாகத் தெரிந்த சம்சுரி

நடிகர்களில் எத்தனையோ வகை உண்டு. அழத் தெரிந்தவர், அடிக்கத் தெரிந்தவர், மரத்தைச் சுற்றி ஓடத் தெரிந்தவர். இவர்கள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிடுகிற இன்னொரு வகை இருக்கிறது ஐயா: சாகத் தெரிந்தவர். கத்தி பட்டதும் பொத்தென்று விழுந்து காரியத்தை முடித்துக்கொள்கிற ஆளைச் சொல்லவில்லை. அது எந்தப் பாவிக்கும் வரும். கத்தி பட்ட பிறகுதான் உயிரே வருகிற பேர்வழி ஒருவர் இருக்கிறாரே, அவரைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் கம்பத்தில், அதாவது பலகை வீடுகள் நிறைந்த கிராமத்தில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, அப்படி ஒருவர் குடியிருந்தார். சம்சுரி அண்ணன். மலாய் நாடகக் கொட்டகையில் வளர்ந்தவர். அந்தக் காலத்து நாடகக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம்: ஒருவர் செத்த விதம் பிடித்துவிட்டால், "இன்னொரு தடவை!" என்று பெஞ்சைத் தட்டிக் கத்துவார்கள். செத்தவர் எழுந்து, கைலியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, சபைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, குத்தியவனிடம் கத்தியைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து சாவார். பத்து பஹாட் என்கிற ஊரில் ஒரே ஆட்டத்தில் மூன்று முறை செத்தவர் சம்சுரி அண்ணன். இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்வதைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை டாக்டரானால்கூட மனிதன் அப்படி நிமிர மாட்டான்.

பிறகு சினிமா வந்தது. பாலஸ்டியர் ரோட்டு ஸ்டூடியோக்களில் பதினைந்து வருஷம் நாள் கூலிக்குச் செத்தார். வலது கை நெஞ்சுக்குப் போகும். இடது கை காற்றில் யாரையோ தேடும். முழங்கால் ஒவ்வொன்றாக மடியும். முடிந்தது என்று எல்லோரும் பெருமூச்சு விடும்போது முழங்கையை ஊன்றி மறுபடி எழும்புவார். அவர் தலையை மடியில் தாங்கியிருக்கும் கதாநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுப்பாள்.

"அண்ணே, சீக்கிரம் செத்துத் தொலைங்களேன். கால் மரத்துப் போச்சு."

"அவசரப்படாதம்மா. உசுரு என்ன வாடகை வண்டியா, கூப்பிட்டதும் கெளம்புறதுக்கு?"

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? காலில் முள் குத்தினால் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து, "கல்சோம்... பிள்ளைங்களப் பாத்துக்க" என்பார். அவர் மனைவி கல்சோம் மீன் கழுவுவதை நிறுத்தாமல், "பாத்துக்கறேன். மொதல்ல முள்ள எடுங்க" என்பாள்.

அறுபதுகளில் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. அண்ணன் ஏழு மாதம் வீட்டோடு இருந்தார். அப்போதுதான் தொலைக்காட்சியிலிருந்து டைரக்டர் ஹாருன் ஆள் அனுப்பினார். வாராவாரம் ஒரு குடும்ப நாடகம். அண்ணனுக்கு மளிகைக் கடைக்காரர் வேஷம். முதல் வாரம் திருடன் தோளில் குத்திவிடுவான். ஆஸ்பத்திரியில் கஞ்சி குடித்துத் தேறி, மீதி வாரமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து ஊருக்குப் புத்தி சொல்ல வேண்டியது. பதிமூன்று வாரம் வேலை. நன்றாகப் போனால் வருஷக் கணக்கில் நீளும். கல்சோமுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷனுக்கு முதல் நிலையான வேலை!

ஆனாலும் அவள் விவரம் தெரிந்தவள். நாடகத்தன்று காலை நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, அதை அவர் பக்கம் தள்ளாமல் கேட்டாள்.

"காயம் எங்க?"

"தோள்ல."

"தோள்ல குத்துனா ஆளு சாவானா?"

"சாவ மாட்டான்."

"இன்னொருக்கச் சொல்லுங்க."

"சாவ மாட்டான்டீ! பிள்ளைங்க மேல சத்தியம், போதுமா?"

அதன்பிறகே தட்டு நகர்ந்தது.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நாடகம் நேரே போவது. இங்கே நடிக்க நடிக்க அங்கே தெரியும். வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. கம்பமே சமூக மன்றத்தில் ஒரே பெட்டிக்கு முன்னால் கூடியிருந்தது. கல்சோம் முன்வரிசை, பின்னால் நான்.

திருடன் வந்தான். தோளில் குத்தினான். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு அழகாக, அடக்கமாக, ஒரு மூட்டைமேல் சாய்ந்தார். கல்சோம் மூச்சு விட்டாள். நானும் விட்டேன்.

அங்கேதான் வந்தது வினை. மகளாக நடித்த பெண் புதுசு. பயத்திலோ என்னவோ, "அப்பா!" என்று நிஜமாகவே கதறிவிட்டாள். காமிராக்காரனிலிருந்து விளக்குப் பிடிப்பவன் வரைக்கும் கப்சிப். அப்படி ஒரு அமைதியை அண்ணன் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! மனுஷன் என்ன செய்வார்?

தோளில் இருந்த கை மெல்ல நெஞ்சுக்கு நகர்ந்தது.

"ஐயோ, வேண்டாங்க! தோளு! தோளு!" கல்சோம் எழுந்து நின்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். கேட்கவா போகிறது? இடது கை காற்றில் தேட ஆரம்பித்துவிட்டது. காமிராவுக்குப் பின்னால் ஹாருன் தன் தோளில் படபடவென்று அடித்துக் காட்டினாராம். டைரக்டரே மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார் என்று நினைத்து அண்ணனுக்கு உற்சாகம் இரண்டு மடங்காகிவிட்டது. நாலு நிமிஷம். மிளகாய் மூட்டையிடம் விடைபெற்றார். தராசிடம் விடைபெற்றார். தலை சாய்ந்தது.

அப்போதுகூடப் பிழைக்க ஒரு வழி தானாக வந்தது. டாக்டர் வேஷக்காரர் பாவம், தன் வசனம் ஒன்றைத்தான் நெட்டுருப் போட்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரிக் காட்சிவரை பொறுக்காமல் கடைக்குள்ளேயே ஓடிவந்து, பிணத்தின் கையைப் பிடித்து உரக்கச் சொன்னார்: "பயப்படாதீங்க, தோள்ல சின்னக் காயம்தான். நாளைக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

மன்றத்தில் எல்லோரும் பெட்டியை இன்னும் நெருங்கினார்கள். பதிமூன்று வாரமும் அந்த இரண்டு இமைக்கு அடியில்தான் இருந்தது. "கண்ணத் தொறங்க, என் ராசா, கண்ணத் தொறங்க" என்று கல்சோம் கும்பிடாத குறை.

திறந்தார்! கம்பமே கை தட்டியது. அண்ணன் டாக்டரைப் பார்த்தார், சோகமாக ஒரு சிரிப்புச் சிரித்தார், "இல்ல டாக்டர்... நேரமாயிருச்சு" என்றார். முதலிலிருந்து மறுபடி செத்தார்.

ஹாருன் மறுநாள் கோப்பிக் கடைக்கே வந்துவிட்டார்.

"இரட்டைப் பிறவின்னு வச்சு, தம்பியா வரட்டுமா?" என்று அண்ணன் யோசனை சொன்னார்.

"வேணாம்ணே. அந்தத் தம்பியையும் நீங்க கொன்னுருவீங்க" என்று சொல்லிவிட்டு ஹாருன் கோப்பியைக்கூடக் குடிக்காமல் போனார்.

கம்பத்தில் மட்டும் அண்ணனுக்கு ராஜமரியாதை. மீன்காரி துக்கம் விசாரித்து நாலு கெளுத்தியைச் சும்மா கொடுத்தாள். கல்சோம் இரண்டு நாள் தட்டை அவர் பக்கம் தள்ளவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் குழைந்துகொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. நீ அழுதியா?"

"அழுதேன்."

அண்ணன் முகம் மலர்ந்தது. "எந்த எடத்துல?"

"நீங்க ரெண்டாந் தடவ சாகுறதுக்குக் கண்ணத் தொறந்தீங்க பாருங்க, அந்த எடத்துல."

அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அது வேறு விஷயம்.

என்ன, நீங்களும் சிரிக்கிறீர்களா? நல்லது. போன ஞாயிறு மச்சான் வீட்டில் "அப்ப நாங்க கெளம்பறோம்" என்று எழுந்தவர் யார்? செருப்பு மாட்டும்போது மாமனார் கதை, கேட்டைப் பிடித்தபடி பழைய ஆபீஸ் கதை, வண்டிக் கண்ணாடியை இறக்கி, "ஆங், சொல்ல மறந்துட்டேன்" என்று இன்னொரு கதை. உச்சி வெயிலில் மச்சான் வெறுங்காலோடு நின்றாரே, பார்த்தீர்களா? அடுத்த ஞாயிறு நீங்கள் வருவதாகச் சொன்னபோது, ஊரில் இருக்க மாட்டோம் என்று அவர் ஏன் அத்தனை அவசரமாகச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்?