கடைசிபஸ்ஸுக்கு ஒரு வெற்றிலைத் தட்டு

மதியம் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் ஆவுடையார்கோவில் பஸ்ஸை, வசந்தகுமாரின் செயலி நள்ளிரவு பன்னிரண்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அறிமுக விழா. மண்டபம் பிடித்தாயிற்று. பஸ் முதலாளிகள் சங்கத் தலைவர் வருவதாக ஒப்புக்கொண்டாயிற்று. அந்தப் பன்னிரண்டு மணி பஸ் அவருடையதுதான்.

'வண்டி வருது' என்ற அந்தச் செயலி மாவட்டத்து பஸ் நேரங்களைச் சொல்லும். திறந்த மென்பொருள். அதாவது யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. கந்தர்வக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் வசந்தகுமார்தான் தொடங்கினான். புதுக்கோட்டையிலிருந்து சத்யபிரியாவும் பொன்னமராவதியிலிருந்து பிராங்க்ளினும் சேர்ந்துகொண்டார்கள்.

நாலாவது ஆள் 'கடைசிபஸ்'. அந்தப் பெயரில்தான் எழுதுவார். முகம் தெரியாது, ஊர் தெரியாது, போனில் குரல்கூடக் கேட்டதில்லை. ஆனால் சிக்கலான வேலையெல்லாம் அவர் கைவண்ணம். நேரக் கணக்கு முழுக்க அவர் எழுதியது, வேறு யாருக்கும் அது பிடிபடவில்லை. வசந்தகுமார் அவரை வாய் நிறைய 'அண்ணே' என்றுதான் அழைப்பான்.

"கடைசிபஸ் அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். பதிலே காணோம்" என்று சோற்றைப் பிசைந்தபடி புலம்பினான்.

"எங்கிட்டுப் போட்டீங்க?" என்றாள் மனைவி வனிதா.

"வாட்ஸ்அப் குரூப்ல."

"அதுலயா? அதுல ஒங்க சித்தப்பால்ல காதுகுத்துப் பத்திரிகை போட்டுக்கிட்டு இருக்காரு!"

உண்மைதான். கூட்டம் இருந்தால் கெத்தாக இருக்கும் என்று சொந்தபந்தம் அத்தனையையும் குரூப்பில் சேர்த்தவன் அவன்தான். இப்போது வேலைப் பேச்சு, காலை வணக்க ரோஜாப் பூக்களுக்கு அடியில் சிக்கிக்கிடந்தது.

உடனே டெலிகிராமில் புதுக் குரூப் தொடங்கினான். சத்யபிரியா வந்தாள். பிராங்க்ளின் வரவில்லை. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், கொள்கைக்காரர். போனில் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மென்பொருளை ஊருக்கே தொறந்து வச்சிருக்கோம். அதைப் பத்திப் பேச மட்டும் அடுத்தவன் கம்பெனி வாசல்ல போய் நிக்கணுமா? பேசுற எடமும் தொறந்ததா இருக்கணும்."

அப்படி ஓர் இடத்தை அவரே அமைத்தார். உள்ளே நுழைய ஒரு கடவுச்சொல், நுழைந்த பிறகு பழைய பேச்சைப் படிக்க இன்னொன்று. இரண்டையும் பத்திரமான இடத்தில் வைத்தார். எந்த இடம் என்று மறந்துபோனார். திறந்த இடத்துக்குள் அதை அமைத்தவராலேயே போக முடியவில்லை.

"ஈமெயில் குழு வச்சிருவோம்ணே, எல்லாம் பதிவா இருக்கும்" என்றாள் சத்யபிரியா. பதிவாகத்தான் இருந்தது, எல்லோருடைய ஸ்பேம் பெட்டியிலும்.

சரி, வாக்கெடுப்பு வைத்துவிடலாம் என்று பார்த்தான் வசந்தகுமார். எங்கே பேசுவது என்பதை எங்கே வைத்துப் பேசுவது என்பதிலேயே ஒரு பகல் போயிற்று. கடைசியில் நாலு இடத்திலும் வைத்தான். வாட்ஸ்அப்பில் வாட்ஸ்அப் ஜெயித்தது. டெலிகிராமில் டெலிகிராம் ஜெயித்தது. ஈமெயிலில் ஈமெயில் ஜெயித்தது. பிராங்க்ளினின் இடத்தில் ஓட்டுப் போட யாராலும் உள்ளே போக முடியவில்லை.

வசந்தகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷ உழைப்பு. வெள்ளிக்கிழமை தலைவர் தன் பஸ்ஸைத் தேடி நள்ளிரவில் கண்டுபிடித்தால், மண்டபமே சிரிக்கும். கடையில் ரீசார்ஜ் பண்ண வருகிறவன்கூடக் கேட்பான்.

இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவுகட்டி, இணையத்தில் சொந்தமாக ஒரு மன்றம் அமைத்து, நாலு இடத்திலும் லிங்க்கைப் போட்டான். அப்போதுதான் கடைசிபஸ் வாய் திறந்தார்.

'நேரக் கணக்கைத் திருத்தி வைத்துவிட்டேன். புது இடத்துக்கு வந்துதான் தருவேன். ஆனால் லிங்க் அனுப்பினால் அழைப்பாகிவிடுமா தம்பி? வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைப்பதுதான் முறை.'

"இந்த அநியாயத்தைப் பாரு வனிதா! கம்ப்யூட்டர் வேலைக்கு வெத்தலை பாக்காம்!"

வனிதா தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். விடைத்தாள் கட்டிலிருந்து நிமிராமலே சொன்னாள். "கேட்டதுல என்ன தப்பு? நம்ம புது வீடு குடிபோனப்ப எங்கப்பாவுக்கும் நீங்க வாட்ஸ்அப்லதானே பத்திரிகை அனுப்புனீங்க?"

"நீலக் குறி விழுந்துச்சுல்ல? பாத்தாருல்ல?"

"பாத்தாரு. அதான் வரலை. காலமெல்லாம் ஊரான் வீட்டுப் பத்திரிகையைப் படியேறிப் போய்க் குடுத்த மனுசன். சொந்த மாப்பிள்ளை வந்து குடுக்கலைன்னா எப்படி இருக்கும்?"

மாமனார் நல்லதம்பி ஓய்வுபெற்ற தபால்காரர். அன்றிலிருந்து அவர் இந்தப் பக்கம் வரவில்லை, வசந்தகுமாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வனிதா இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டிருந்தாள்.

"அது வேற, இது வேற. இந்த வேலையைப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? நீ பிள்ளைகளுக்குப் பெயிண்ட்ல குடிசை வரையச் சொல்லிக்குடு, போ."

வனிதா அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

கடைசிபஸ் கொளுத்திப்போட்டது மற்றவர்களுக்கும் பற்றிக்கொண்டது. "அவர் சொல்றது நியாயம்தான். கூப்பிடாத எடத்துக்கு ஏன்டா போறேன்னு எங்கம்மாவும் கேக்குறாங்க" என்றார் பிராங்க்ளின். வசந்தகுமார் தட்டோடு பொன்னமராவதிக்கு வண்டியை விட்டான். அவர் அம்மா சந்தனமேரி தட்டை வாங்கிக்கொண்டு கோழிக்குழம்பு போட்டு அனுப்பினார்.

வாசனை கையை விட்டுப் போகுமுன் சத்யபிரியா போன் செய்தாள். "புதுக்கோட்டையத் தாண்டித்தானே அங்கிட்டுப் போனீங்க? வழியில இருக்க என் வீடு கண்ணுக்குத் தெரியலையாண்ணே?"

அவளுக்குத் தட்டோடு ஒரு சீப்பு வாழைப்பழம் கூடுதலாக வைத்து மன்னிப்பும் கேட்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை கடைசிபஸ் ஊரைச் சொன்னார். 'ஆவுடையார்கோவில். வந்து சேர்ந்ததும் செய்தி போடவும்.'

"அட, ஒங்க ஊருக்காரரா!" என்றான் வசந்தகுமார்.

வனிதா ஏற்கெனவே புடவை மாற்றியிருந்தாள். "நானும் வாரேன். எங்க தெருமுனையில எறக்கி விடுங்க போதும். நீங்க ஒண்ணும் உள்ள வர வேண்டாம்."

தட்டையும் அவளே அடுக்கினாள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம்.

"குங்குமம் எதுக்கு?"

"அவர் வீட்டுல பொம்பளைங்க இருக்க மாட்டாங்களா?"

அறந்தாங்கி தாண்டி, ஆவுடையார்கோவிலில் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, மாமனார் கண்ணில் படுமுன் வண்டியைத் திருப்பினான். கடைசிபஸ் ஒவ்வொன்றாக வழி அனுப்பினார். 'தேரடி தாண்டி வலப்பக்கம்.' போனான். 'மாவு மில்லை ஒட்டிய சந்து.' நுழைந்தான். 'வெளியே வந்ததும் எதிரே பச்சை கேட்.'

சந்திலிருந்து வெளியே வந்தவன் பிரேக்கைப் பிடித்தான். அது மாமனார் வீட்டு கேட். அவன் அறியாத பின்வழியாகச் சுற்றி, அதே தெருவின் மறுமுனையில் வந்து விழுந்திருக்கிறான். வாசலில் நல்லதம்பியே நின்றுகொண்டிருந்தார். கையில் வெற்றிலைத் தட்டோடு திரும்பி ஓடினால் தெருவே கைகொட்டிச் சிரிக்கும். வண்டியை நிறுத்தி, வேறு வழியில்லாமல் தட்டை நீட்டினான்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். கண் கலங்கியிருந்தது.

"இப்பயாச்சும் வரணும்னு தோணுச்சே மாப்பிள்ளை. அது போதும்."

இதற்கு ஒரு தட்டுதானே தேவைப்பட்டது என்று வசந்தகுமாருக்கு வெட்கமாக இருந்தது.

சட்டைப் பையில் போன் துடித்தது. 'கடைசிபஸ் மன்றத்தில் இணைந்தார்.' பின்னாலேயே திருத்தமும் வந்தது. பன்னிரண்டு மணி பஸ் ஒழுங்காக மதியத்துக்கு வந்து நின்றது.

அவன் போனையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே… இல்ல, மாமா… கடைசிபஸ்ஸு நீங்கதானா?"

"நானா? எனக்கு போன்ல லைட்டைப் போட்டா அணைக்கத் தெரியாது மாப்பிள்ளை."

செம்பில் தண்ணீரோடு வந்த மாமியார் பிரகதாம்பாள், முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிப் பார்த்து, முடியாமல் கேட்டேவிட்டார்:

"ஏன் மாப்பிள்ளை, தாலி கட்டுன பொண்டாட்டியவா ஒரு வருசமா அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க?"