உங்கள் தங்கையின் வேலைநிறுத்தம் குறித்து லண்டனுக்கு ஒரு முறைப்பாடு

மதிப்புக்குரிய மச்சான் பேரின்பநாயகம் அவர்களுக்கு,

இத்தாலி பலெர்மோவிலிருந்து உங்கள் தங்கையின் கணவன் நகுலேஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. லண்டனில் நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் தங்கை இராசேஸ்வரி வேலைநிறுத்தத்தில் இருப்பதால் அந்த வசனத்தை இம்முறை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் பாலமுருகன். அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கும் தமிழ்நாட்டுப் பொடியன், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். என்ன ஆராய்ச்சி என்றால், வெள்ளைக்காரன் ஆண்ட ஏதோ ஒரு தீவில் அரசாங்கக் கிளாக்கர்மார் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைத் தடுக்கச் சட்டம் போடுவதா விடுவதா என்று துரைமார் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளாம். தனியே சமைத்துக் கஷ்டப்படுகிறான் என்று இராசேஸ்வரி இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்தானே? கதை சொல்கிறான். ஒரு துரை சட்டம் போடு என்கிறானாம், இன்னொருவன் போட்டால் அவர்களுக்கு இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்கிறானாம், மூன்றாமவன் லண்டனைக் கேட்போம் என்கிறானாம். இவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்கிறாள், சிரிக்கிறாள். என் பேச்சுக்கு இவள் சிரித்து எத்தனை காலம் மச்சான்! பல்லாறோ சந்தையில் நான் பேரம் பேசி வாங்கிய மீனில் நடுத்துண்டு அவனுக்கு, வால் எனக்கு. வழக்கம்போல் சோற்றுக் கோப்பையை அறைக்குள் கொண்டுபோய், போனைப் பார்த்துக்கொண்டு தனியே சாப்பிட்டேன்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் துரைமார் பக்கம் நின்றேன். "அரசாங்கச் சம்பளம் வாங்கிறவன் வேலையை விட்டால் சட்டம் போட்டு உள்ளை தள்ளத்தான் வேணும்!" என்று அறைவாசலில் நின்று கத்தினேன்.

"அண்ணே, அந்தச் சட்டத்தை டைப் அடிக்கிறதே அந்தக் கிளார்க்குங்கதானே?" என்றான் பாலமுருகன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு இராசேஸ்வரி என்னைப் பார்த்து, "இவ்வளவு தாள் எழுதின துரைமாரிலை ஒருத்தர் கூட, அந்தக் கிளாக்கர்மாருக்கு என்ன வேணும் எண்டு கேக்கேல்லையோ?" என்றாள்.

"கேட்டால் தலையிலை ஏறியிருந்திடுவினம்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

வெள்ளிக்கிழமை சமையல் நின்றது. இந்த ஊரில் பஸ்காரர் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் ஷோப்பெரோ, அதாவது வேலைநிறுத்தம், செய்வார்கள். முன்கூட்டியே அறிவிப்பார்கள், காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மட்டும் பஸ் விடுவார்கள். வீட்டுவேலைக்கு ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டுக்கு பஸ்ஸில் போய்வருகிற உங்கள் தங்கை அந்த முறையை அப்படியே படித்துவைத்திருக்கிறாள். "காலமை தேத்தண்ணி உண்டு. பின்னேரம் உங்கடை பிறசர் குளிசை உண்டு. மிச்சமெல்லாம் ஷோப்பெரோ" என்று முதல்நாளே அறிவித்துவிட்டாள். மேல்மாடிக்கு மட்டும் சோறு போகிறது. கேட்டால், "அந்தத் தம்பி அரசாங்கம் இல்லையே" என்கிறாள்! நானும் 'இவ்வீட்டில் வேலைநிறுத்தம் தடைசெய்யப்பட்டுள்ளது' என்று சட்டம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அதன் கீழே அவள், 'எதுக்கும் லண்டனைக் கேளுங்கோ' என்று எழுதிவிட்டாள்.

ஆகவே லண்டனைக் கேட்கிறேன். தமையன் என்ற முறையில் நீங்கள் உடனே போன் எடுத்து, அவளைச் சமைக்கச் சொல்லி, பாலமுருகனைச் சாப்பாட்டு மேசையிலிருந்து அகற்றி வைக்கவேண்டும். எனக்குப் பொறாமை என்று நினைப்பீர்கள். ஓம், பொறாமைதான்.

உங்கள் முழங்கால் வலி குறையவும், மருமகள் கேசிகா சோதினையில் சித்தியடையவும் பிரார்த்திக்கும்,
அரைப்பட்டினி மைத்துனன்
நகுலேஸ்வரன்

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிக் குசினிக்குப் போனேன். அவள் தனியே இருந்தாள். வாய் தவறி, "உமக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டுவிட்டேன். "அறைக்குள்ளை ஓடாமல் என்னோடை இருந்து சாப்பிடுங்கோ. ஏதாவது கதையுங்கோ. நீங்கள் கதைச்சிருந்தால் நான் ஏன் அந்தத் தம்பியைக் கூப்பிடுறன்?" என்றாள். கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன் மச்சான். முத்திரை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன், கிழித்துவிடுங்கள். போன் எடுப்பதானால் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கவேண்டாம். நாங்கள் கதைத்துக்கொண்டிருப்போம்.