அடைப்புக்குறிக்குள் மாமனார்

ஆளுக்கொரு பயம் உண்டு. ராஜபாளையத்துக்காரன் என்பதால் எனக்கு நாயைக் கண்டு பயமில்லை. பாம்பு, பல்லி, பல் டாக்டர் எல்லாரையும் ஓரளவு சமாளித்துவிடுவேன். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு பைலின் பெயரை மாற்ற வேண்டும் என்று வந்துவிட்டால் உள்ளங்கை வியர்த்துவிடும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்வேன். (சிரிக்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.)

இது எனக்குக் கல்யாணம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. ராஜபாளையத்தில் எங்கள் அப்பாவின் பிளக்ஸ் கடையில் நான் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று சேத்தூரிலிருந்து செட்டியார்பட்டிவரை யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாக எங்களுக்குத்தான் தகவல் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோமதி என்ற பெண்ணைப் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், பேச்சு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கோமதியின் அப்பா வேலுச்சாமி மாமா வாயைத் திறந்து "சரி" என்று சொல்வது மட்டும்தான் பாக்கி. அவர் கரண்ட் ஆபீசில் போர்மேனாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். கம்பத்து உச்சியில் இருப்பவனைத் தரையில் நின்றே நடுங்க வைக்கிற குரல். தன் மணிவிழா அன்று, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும்போது முடிவைச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். அந்த மணிவிழாவுக்குப் பேனர் என் செலவு, என் டிசைன் என்று நான் முந்திக்கொண்டு அறிவித்திருந்தேன். (யாரும் கேட்கவில்லை.)

அதே சமயத்தில் எனக்கு இன்னொரு காதலும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வீடியோ கேம் கருவி. சின்ன வயதில் டிவியில் கேசட் செருகி விளையாடினோமே, அந்தக் கேம்கள் எல்லாம் பைல்களாக அதன் மெமரி கார்டில் இருந்தன. இப்படிப்பட்ட பைலை ரோம் என்பார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தன. கேம்களில் குறை ஒன்றுமில்லை, பெயர்கள்தான் சகிக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் வால் மாதிரி அடைப்புக்குறிகள். ஜப்பானில் விற்றதா வேறு நாட்டில் விற்றதா, எத்தனையாவது திருத்தம், யார் சரிபார்த்தது என்று அதன் பூர்வீகம் முழுக்க அடைப்புக்குறிக்குள் இருக்கும். சின்னத் திரையில் பெயரே பாதிதான் தெரியும். நானோ சட்டைகளைக்கூட நிற வரிசையில் மடித்து வைக்கிறவன். விளையாடுவதைவிட அடுக்கி வைப்பதில்தான் எனக்கு ருசி. உண்மையைச் சொன்னால், அந்தக் கருவியில் ஒரு கேமைக்கூட நான் முழுசாக விளையாடியது கிடையாது.

மணிவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் கடையில் கூட்டமில்லை. கார்டில் இருந்ததை எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மொத்தமாகப் பெயர் மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றை இறக்கினேன். அடைப்புக்குறியையும் அதற்குள் இருப்பதையும் நீக்கு, ஒரே பெயர் திரும்ப வந்தால் பின்னால் இரண்டு, மூன்று என்று எண் போடு என்று உத்தரவு கொடுத்தேன். மாற்றுவதற்கு முன்னால் அது ஒரு பட்டியலைக் காட்டியது. மேலே இருந்ததைப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலப் பெயர்கள், எல்லாம் கேம்கள், எல்லாம் குளித்துத் தலை சீவியது மாதிரி இருந்தன. கடைசிவரை உருட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கினேன், கார்டில் திரும்ப ஏற்றினேன், மறுநாள் மாப்பிள்ளைக் களையோடு போக வேண்டுமே என்று முடிவெட்டப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அப்பாவும் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள். கடையில் விட்டிருந்த பட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போவதாக எனக்குத் திட்டம். கடையில் பிரிண்டர் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் காளி அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, சேத்தூர்க்காரர் காதுகுத்து பைலு எங்க கெடக்கு? எல்லாத்துலயும் வெறும் பேரும் நம்பருமால்ல இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். நான் நேற்று சுத்தம் செய்தது கேம் போல்டரை மட்டுமல்ல. ஒரு படி மேலே தேர்ந்தெடுத்துத் தொலைத்ததால் மொத்த டிரைவையும் சுத்தம் செய்திருந்தேன். எங்கள் கடையில் எந்த பைலுக்கும் ஆர்டர் கொடுத்தவர் பெயரைத்தான் வைப்போம். என்ன விசேஷம் என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும். இப்போது ஆள் இருக்கிறார், விசேஷம் இல்லை. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் பட்டியலின் அடியில் இருந்ததால் நேற்று என் கண்ணில் படவில்லை.

வேலுச்சாமி மாமா எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கையாளர். அவர் பெயரில் கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, மணிவிழா என்று மூன்று பைல்கள் இருந்தன. முதலாவது, போன வருடம் காலமான அவருடைய அண்ணன் ராமையாவுக்கு வைத்தது. இப்போது திரையில் வேலுச்சாமி, வேலுச்சாமி 2, வேலுச்சாமி 3.

"அண்ணே, நேத்து வேலுச்சாமி மாமா பேனருக்கு எதப் பிரிண்ட் போட்டீக?"

"வேலுச்சாமின்னு இருந்ததத்தான்."

"மத்த ரெண்டையும் தெறந்து பாக்கலையா?"

"நீ ஒண்ணையே ஒம்பது தடவ திருத்தி வைப்ப. நம்பர் போட்டதெல்லாம் அந்தப் பழைய திருத்தம்னு விட்டுட்டேன்."

"அண்ணே, போட்டோவப் பாத்தீகளா இல்லையா?"

"பாத்தேனே. பெரிய மீசை, கழுத்துல மாலை. மணிவிழாவுக்கும் மாலை போடுவாகல்ல?"

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மீசை. அதில் காளி அண்ணனைக் குறை சொல்ல முடியாது.

"எழுதியிருந்தத வாசிக்கலையாண்ணே?"

"எழுத்தெல்லாம் வாசிச்சுக்கிட்டு நின்னா மிஷினு எப்ப ஓடும்?"

அகர வரிசையில் கண்ணீர்தான் முதலில் வரும். எண் இல்லாத வேலுச்சாமி அதுதான். அது முந்தின நாள் சாயங்காலமே வேனில் ஏறி மண்டபத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது பைலைப் பிரிண்ட் போட்டு, அரிசி உலை வைக்கிற நேரத்துக்குள் ஆட்டோவில் கொண்டுவரச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் பெரிய தூரமில்லை. அன்றைக்கு அந்த ரோடு முடியவே இல்லை. வழியில் பார்த்த பேனர் எல்லாம் எங்கள் கடைப் பேனராகத் தெரிந்தது. எந்த வீட்டு மணமகனுக்கு இன்று நான் அஞ்சலி செலுத்தியிருக்கிறேனோ, எந்தத் துக்க வீட்டு வாசலில் 'வாழ்க வளமுடன்' தொங்குகிறதோ! சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டே வந்தது. கோமதியாகத்தான் இருக்கும். எடுக்கப் பயம். அந்த அஞ்சலிப் பேனரின் அடியில் வேலுச்சாமி மாமாவும் அத்தையும் கைகூப்பி நிற்க, 'ஆறாத துயரத்துடன்' என்று நானே வளைத்து வளைத்து எழுதியிருந்தது கண் முன்னால் வந்தது. அதைப் பார்த்த அதிர்ச்சியில் மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேனர் எப்படியும் பயன்பட்டுவிடும் என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது. அந்த மனசை நானே செருப்பால் அடித்துக்கொண்டு வண்டியை முறுக்கினேன்.

மண்டப வாசலில் பேனர் நின்றது. ஆனால் வெள்ளை வெளேரென்று நின்றது. யாரோ படம் இருக்கும் பக்கத்தைக் காம்பவுண்டுச் சுவர் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். கோபத்தில் திருப்பிவிட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கோமதி வந்தாள். அவள் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்ப்பவள். யாருக்கு என்ன ரிசல்ட் வந்தாலும் முகம் மாறாமல் கொடுத்துப் பழகியவள்.

"போன எடுக்க மாட்டீகளா? எம்புட்டு தடவ அடிச்சேன்?"

"பயமா இருந்துச்சு."

"விடிஞ்சும் விடியாம கோலம் போட வாரேன், நிமிந்தா பெரியப்பா சிரிச்சுக்கிட்டு நிக்காக. கோலப்பொடிய மொத்தமா கொட்டிட்டேன். பந்தக்காரகள வச்சுத் திருப்பி நிறுத்தினேன்."

"வேற யாரும் பாக்கலையே?"

"பாக்கல. ஆனா அப்பா வந்து ஏன் வெள்ளையா இருக்குன்னு கேட்டாக. ஆளுக எல்லாம் கூடுன பொறவு திருப்புறதுதான் இப்ப பேஷன், மாப்ள ஏற்பாடுன்னு சொல்லி வச்சேன்."

"நல்லாச் சமாளிச்சிட்ட கோமதி."

"எங்கிட்டு? அவிய அத மண்டபம் பூரா சொல்லிட்டாக. வீடியோக்காரர வேற நிறுத்தி வச்சிருக்காக. திருப்பப் போறது நீங்கதான்."

காளி அண்ணனுக்குப் போன் போட்டேன். "கெளம்பிட்டேன் தம்பி" என்றார். பின்னணியில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. மாமா அத்தைக்கு மறுபடியும் தாலி கட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாலையும் கழுத்துமாக வெளியே வந்தார். பின்னால் சொந்தபந்தம் முழுக்க வந்தது. என் அப்பாவும் அம்மாவும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு முன் வரிசையில் நின்றார்கள்.

"மாப்ள! என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? திருப்புங்க!"

திருப்பினால் செத்தேன். திருப்பாவிட்டாலும் செத்தேன். வாய் தானாகத் திறந்து, "அதுக்கு முன்னாடி மாமாவப் பத்தி ரெண்டு வார்த்தை" என்றது. அதுவரை நான் மேடையில் பேசியது கிடையாது. மாமா கம்பம் ஏறிய கதையில் ஆரம்பித்தேன். அது தீர்ந்ததும் மின்சாரத்தின் நன்மைகளைச் சொன்னேன். மிக்சி, கிரைண்டர், மோட்டார் பம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, இதெல்லாம் மாமா இல்லாவிட்டால் ஓடுமா என்று கூட்டத்தைக் கேட்டேன். இலை போட்டாச்சு என்று உள்ளிருந்து யாரோ கத்தினார்கள். மாமாவின் முகத்தில் பூரிப்பு வடிந்து சந்தேகம் எட்டிப் பார்த்தபோது காளி அண்ணனின் ஆட்டோ வந்து நின்றது.

அந்த மனிதரை அதற்காக நான் இன்றும் கும்பிடுவேன். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. எதையும் திருப்பவில்லை. ஏணி போட்டு ஏறி, அந்த வெள்ளைப் பரப்பின் மேல் விளிம்பில் புதுச் சுருளைக் கட்டி, அப்படியே கீழே உருட்டிவிட்டார். தங்க எழுத்தில் மணிவிழா வாழ்த்தும், சிரித்த முகத்தோடு மாமாவும் அத்தையும் திரைச்சீலை மாதிரி இறங்கி வந்தார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. மேற்கே மலைப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. ஒரு பிளக்ஸ் தாங்கும் சட்டத்தில் இரண்டைக் கட்டியிருந்தோம். அது பாய்மரம் மாதிரி உப்பி, முன்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. ஆட்கள் சிதறி ஓடினார்கள். மணிவிழாத் தம்பதி குப்புற விழுந்தார்கள். மேல் பக்கத்தில் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ராமையா பெரியப்பா கிடந்தார்.

உள்ளே இருந்த நாயனக்காரர் விவரம் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார். நான் ஓடுவதற்கு வழி பார்த்தேன். காளி அண்ணன் ஆட்டோவில் ஏறியே விட்டார். வேலுச்சாமி மாமா மெதுவாக நடந்து போய், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அந்தப் பேனர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அண்ணனின் மீசையைக் கையால் தடவினார்.

"காலையிலருந்து மனசுக்குள்ள ஒண்ணு அறுத்துக்கிட்டே இருந்துச்சு. என் விசேஷத்துக்கு அண்ணன் இல்லையேன்னு. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல." கம்பத்து உச்சிவரை போகும் அந்தக் குரல் அவர் காலடிக்குக்கூட எட்டவில்லை. எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "எம் முதுகுக்குப் பின்னால அண்ணன நிக்க வச்சுட்டீகளே மாப்ள. இது எவனுக்குத் தோணும்? சரிய்யா. எனக்குப் பூரண சம்மதம். சரி!"

கூட்டம் அழுதது. நானும் அழுதேன். பாசத்தில் அழுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பயத்தில் அழுதவனுக்குத்தான் தெரியும் அது என்னவென்று. அவருடைய அந்த நிஜமான துக்கத்துக்குள் என் முட்டாள்தனம் ஒளிந்துகொண்டதே என்று வெட்கமாகவும் இருந்தது.

பந்தியில் மாமா என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். பாயசம் வந்ததும் குனிந்து, என் காதில் மட்டும் விழுகிற மாதிரி கேட்டார்.

"அது சரி மாப்ள. அடியில நானும் உங்க அத்தையும் ஆறாத துயரத்துடன்னு கும்புட்டுக்கிட்டு நிக்கோமே, அதுவும் நீங்க யோசிச்சுச் செஞ்சதுதானா?"

பாயசம் புரையேறியது. எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். கேம், மெமரி கார்டு, ஜப்பான், திருத்தம் இரண்டு, ஒன்றையும் விடவில்லை. மாமா அப்பளத்தை நொறுக்கியபடி கடைசிவரை கேட்டார்.

"ஏன்யா, அந்த அடைப்புக்குறி உங்கள என்னதான்யா பண்ணுச்சு?"

கார்டில் இருந்த கேம்களும் உருப்படவில்லை. ஒரே பெயரில் எட்டு வரிசையாக நிற்கும். எதைத் திறந்தாலும் ஜப்பான் மொழி பேசும். சம்மதத்தை மாமா திரும்பப் பெறவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தார். அவருடைய போனில் நான் 'மாப்பிள்ளை (கண்ணீர் அஞ்சலி)' என்று பதிவாகியிருக்கிறேன். நான் கூப்பிடும்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி அதை முழுசாக வாசித்துவிட்டுத்தான் எடுப்பார். பஸ்ஸில் ஒரு தடவை அதைக் கேட்ட முன் சீட்டுக்காரர் எழுந்து வந்து துக்கம் விசாரித்தாராம்.

போன மாதம் மாமா ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தார். போன் மேஜை மேல் இருந்தது. எடுத்தேன். என் பெயரைத் தேடி, அடைப்புக்குறி வரை வந்துவிட்டேன். அழித்தேன். மாற்றத்தைச் சேமிக்கவா என்று அது கேட்டது. உள்ளங்கை வியர்த்தது. வழக்கம்போல ஆள் துணை வேண்டியிருந்ததால் கோமதியைக் கூப்பிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி "வேண்டாம்" என்பதை அமுக்கினாள்.

"இருக்கட்டுங்க. இல்லாட்டி அப்பாவுக்கு எந்த மாப்ளன்னு தெரியாமப் போயிரும்" என்றாள். அவருக்கு இருப்பது ஒரே மாப்பிள்ளை.