தொட்டிலில் தொங்கிய பராமரிப்பு அட்டை

பல் துலக்கும்போதே லிப்ட் மெக்கானிக் முடிவு செய்துவிட்டார். தலைகீழாக நின்றாவது திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவது!

மனுஷர் உழைப்பாளி என்று அவசரப்பட்டுப் பாராட்டிவிடாதீர்கள். பதினான்கு மாடிக் கட்டடத்தில், லிப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு கிரீஸ் தடவுவது, பத்து நாள் வயதான மகளோடு ஒரே வீட்டில் இருப்பதைவிட எவ்வளவோ ஓய்வான வேலை. லிப்ட் அழாது. அழுதாலும் ஒரு சுவிட்சில் அடங்கிவிடும். மகளுக்குச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பத்து நாளாகத் தேடியும் அகப்படவில்லை.

ஆனால் கம்பெனியில் ஒரு விதி. தலைப்பிரசவம் என்றால் கணவனுக்கு லீவு. வீட்டுக்கு வந்து தாயைக் கவனிக்கும் நர்ஸம்மா, 'அம்மா தேறிவிட்டார்' என்று எழுதிக் கொடுக்கும்வரை சூப்பர்வைசர் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார். நர்ஸம்மாவோ லேசில் எழுதுகிற ஆள் இல்லை. தூங்கினாயா, சாப்பிட்டாயா, அழுதாயா என்று தாயிடம் துருவித் துருவிக் கேட்பார்.

மெக்கானிக் தன் தொழில் மூளையைத் தட்டிவிட்டார். ஒவ்வொரு லிப்டிலும் ஒரு பராமரிப்பு அட்டை தொங்கும். அதை யாரும் தினமும் எழுதுவதில்லை. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவார்கள். கத்துக்குட்டி ஒரே பேனாவில் எழுதி மாட்டிக்கொள்வான். நம்மவர் மூன்று பேனா வைத்திருந்தார்.

மத்தியானத்துக்குள் தொட்டிலில் அட்டை தொங்கியது. பளு: மூன்று கிலோ. சத்தம்: உண்டு. எண்ணெய்: தடவியாயிற்று. கசிவு: ஒன்பது முறை, துடைத்தாயிற்று. செய்தவர்: நான். பத்து நாளும் நான், நான், நான்.

"என்னங்க இது, தொட்டில்ல போர்டு மாட்டியிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"நாளைக்கு நர்ஸம்மா வருவாங்க இல்ல? எல்லாம் இவரே பார்த்துக்கிறாரு, நான் நல்லா தூங்குறேன்னு சொல்லிடு."

"பத்து நாளா நான் சேர்ந்தாப்பல ரெண்டு மணி நேரம் கண்ணை மூடல."

"அதையெல்லாம் போய் வெளியாள்கிட்ட சொல்லுவாங்களா?"

"அதைக் கேக்கத்தானே அவங்க வர்றாங்க?"

"சொல்லுவியா, மாட்டியா?"

மனைவி அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "சொல்றேன்" என்றாள்.

மனைவி உடனே சம்மதித்தால் உஷாராகிவிட வேண்டும். இது கல்யாணமாகி மூன்று வருடத்தில் எந்த ஆணுக்கும் புரிந்துவிடும். இவருக்கு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு நர்ஸம்மா வந்தார். அட்டையைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"அத்தனையும் நீங்களா தம்பி?"

"என் கடமைதானே நர்ஸம்மா" என்று நெளிந்தார் மெக்கானிக்.

"இவர் கொஞ்சமாத்தான் எழுதியிருக்காரு" என்றாள் மனைவி. "எனக்குத் தலை சீவி விடுறதுகூட இவர்தான். இவர் வாசல் தாண்டினா எனக்குக் கை கால் ஓடாது."

மெக்கானிக்கின் காலர் தானாக உயர்ந்தது.

"அப்படியா சேதி?" நர்ஸம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இப்படி ஒருத்தரை நம்பியிருக்கிற பொண்ணுகிட்டேர்ந்து அவரை எப்படிப் பிரிக்கிறது? உறுதுணைப் படிவம். இன்னும் பத்து வாரம் லீவு."

உயர்ந்த காலர் கழுத்தை நெரித்தது. "நர்ஸம்மா! பொய்! எல்லாமே பொய்! நேத்து ஒரே மூச்சுல எழுதினேன். நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தல!"

"ஒண்ணுமே செய்யலையா?"

"சத்தியமா! டயப்பருக்கு எது முன்பக்கம்னுகூடத் தெரியாது!"

"அடப்பாவமே" என்று நர்ஸம்மா இன்னொரு தாளை எடுத்தார். "அப்போ பயிற்சிப் படிவம். வீட்டோட இருந்து கத்துக்கணும். பத்து வாரம்."

மெக்கானிக் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் அவர் பெயர், கம்பெனி, ஊழியர் எண் எல்லாம் முன்னமே நிரப்பியிருந்தது.

"என் ஊழியர் எண் இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து போன்ல நான்தான் சொன்னேன்" என்று மகளை அவர் மடியில் கிடத்தினாள் மனைவி. "உங்க சூப்பர்வைசர்கிட்டேயும் ரெண்டு படிவத்தைப் பத்தியும் சொல்லிட்டேன். எதுன்னாலும் அவருக்குச் சம்மதமாம். நீங்க நிதானமா யோசிச்சு முடிவு பண்ணுங்க, நான் போய்த் தூங்குறேன்."