நிலாவைத் தெரியாத தெரு

"இன்னிக்குச் சாயங்காலமே வர்றாராம்," என்று காயத்ரி போனைக் கையில் பிடித்தபடியே கடைக்குள் ஓடி வந்தாள். அவள் கணவன் பாலமுரளி யாருடைய ரேஷன் கார்டையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான்.

"யாரு?"

"சென்னை அறக்கட்டளைக்காரருங்க. அரங்கநாதன்னு பேரு. நம்ம நிலா வகுப்பை நேர்ல பாத்துட்டு, நிதி உண்டா இல்லையான்னு இங்கயே சொல்லிடுவாராம்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருக்காதா பின்னே. எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, செஞ்சி கடைத்தெருவில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் மலையடித் தெரு ஜனங்களுக்கு ஒற்றை டெலஸ்கோப்பில் வானத்தைக் காட்டிக்கொண்டிருப்பவள். நிதி கிடைத்தால் ஒரு வேன் வாங்கலாம். டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அவலூர்பேட்டை, மேல்சித்தாமூர், பனமலை என்று ஊர் ஊராகப் போகலாம். வேனுக்கு நீலப் பெயிண்ட் அடிப்பதுவரை மனசுக்குள் முடிவாகிவிட்டது.

பாலமுரளி அவளுடைய விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தான். ஊரார் தாள்களையெல்லாம் படிக்கிற ஜெராக்ஸ் கடைக்காரன், மனைவியின் தாளை அன்றைக்குத்தான் படித்தான்.

"'இப்பகுதி மக்கள் அறியாமையில் மூழ்கியுள்ளனர். கிரகணத்தன்று பாம்பு நிலாவை விழுங்குவதாக நம்புகின்றனர்.' இது யாரு, நம்ம மலையடித் தெருவா?"

"நிதி கேக்கறப்ப அப்படித்தாங்க எழுதணும். எல்லாம் தெரிஞ்சவங்களுக்கு யாரு குடுப்பாங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன். நம்ம தேவேந்திரன் ஆட்டோவுல ஏறினா, சனியோட வளையத்தப் பத்திப் பேசி முடிக்காம எறக்கி விட மாட்டான். வர்றவரு அவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டா இன்னா ஆவும்?"

காயத்ரியின் கால் தரைக்கு வந்தது.

அடுத்த அரைமணியில் பவுனம்மாளின் இட்லிக்கடை முன்னால் தெருவையே கூட்டிவிட்டாள். டெலஸ்கோப் குடியிருப்பதும் பவுனம்மாள் வீட்டில்தான். காயத்ரி வீட்டில் நோட்டுக் கட்டுகளுக்கே இடம் போதாது. வகுப்பில் முதல் வரிசை பவுனம்மாளுடையது. பதில் சொல்வதிலும் அவள்தான் முதல். சுத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டெலஸ்கோப்பின் உறையை விலக்கினால் குப்பென்று எலுமிச்சை வாசனை வரும். பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுத் துடைக்கிறாள் என்று காயத்ரிக்கு உள்ளூரப் பெருமை. லென்ஸில் மட்டும் சோப்பு படக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும், உங்க யாருக்கும் எதுவும் தெரியக்கூடாது," என்றாள் காயத்ரி.

தெரு அவளை முறைத்தது.

"இன்னா டீச்சரம்மா, ரெண்டு வருஷமா மண்டைல ஏத்திட்டு, பெரிய மனுசன் வர்ற அன்னிக்கு முட்டாளா நிக்கச் சொல்றீங்க," என்றான் தேவேந்திரன்.

தையல்கடை ரோஸ்மேரிக்கு வேறு கவலை. "பொய் சொன்னா பாவம் டீச்சர். அப்புறம் சாமியார்கிட்ட போயி நான் இன்னான்னு பாவசங்கீர்த்தனம் பண்றது?"

"வேன் வந்தா மொதல்ல உங்க அம்மா ஊருக்குத்தான் அனுப்புவேன்."

ரோஸ்மேரி ஒரு நாள் பாவத்துக்குச் சம்மதித்தாள்.

வெயில் தாழ்ந்ததும் கார் வந்து நின்றது. அரங்கநாதன் கையில் ஒரு ஃபைலோடு இறங்கினார். பவுனம்மாள் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற தேவேந்திரனைப் பார்த்தார்.

"கிரகணம் எப்படிப்பா வருது?"

"பாம்பு முழுங்குது சார்."

காயத்ரிக்கு உயிர் வந்தது. அரங்கநாதன் ஃபைலில் குறித்துக்கொண்டார்.

"அப்படின்னா பௌர்ணமிக்குப் பௌர்ணமி முழுங்கணுமே. ஏன் முழுங்கறதில்ல?"

தேவேந்திரன் காயத்ரியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பதில் தெரிந்த கேள்வி அவனுக்குத் தொண்டையில் மாட்டிய முள் மாதிரி.

"நிலாவோட சுத்துப்பாதை அஞ்சு டிகிரி சாஞ்சிருக்குது சார். அதனால பாம்புக்கு மாசா மாசம் எட்டாது."

அரங்கநாதனின் பேனா நின்றது. காயத்ரி அவசரமாக ரோஸ்மேரியை முன்னால் தள்ளினாள். "தெரியாதுன்னு மட்டும் சொல்லு," என்று காதில் கிசுகிசுத்தாள்.

"நிலா எவ்வளவு தூரத்துல இருக்கும்மா?"

ரோஸ்மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "தெரியாது சார்."

"உத்தேசமா?"

"மூணு லட்சத்து எம்பத்தி நாலாயிரம் கிலோமீட்டர்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார்."

"சராசரின்னு சேத்துச் சொல்லுக்கா," என்று கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் திருத்தியது.

"அது டிவில சொன்னாங்க சார்," என்று காயத்ரி குறுக்கே விழுந்தாள். அதற்குள் தெருவுக்குப் பொறுமை போய்விட்டது. தேவேந்திரன் மட்டும் மார்க் வாங்குவதா? ஆளாளுக்குக் கையைத் தூக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் வியாழனைச் சொன்னார், ஒருவர் பால்வீதியைச் சொன்னார்.

அரங்கநாதன் ஃபைலை மூடினார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா அறிவியல் போய்ச் சேராத இடத்துக்குத்தான் நாங்க பணம் குடுக்கறது. இங்க அதுக்கு வேலையே இல்ல."

காயத்ரியின் நீல வேன் அவள் கண்ணெதிரே டிரைவர் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நன்றாகச் சொல்லிக்கொடுத்ததற்கு இப்படி ஒரு தண்டனையா என்று அழுகை முட்டியது.

அவர் எழுந்தார். ராஜகிரிக் கோட்டை மலைக்கு மேலே நிலா வந்திருந்தது. "வந்ததுக்கு அதையாவது ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

பவுனம்மாளும் தேவேந்திரனும் டெலஸ்கோப்பை வெளியே தூக்கி வந்து வைத்தார்கள். காயத்ரி உறையை விலக்கினாள். குழாயின் கழுத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு தொங்கியது. பக்கத்தில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

தெரு எட்டிப் பார்த்தது.

"டெலஸ்கோப்புக்கே திருஷ்டியா," என்றார் அரங்கநாதன் மெதுவாக. அப்புறம் முகமெல்லாம் மலர்ந்து, போனை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார். "நிலாவோட தூரம் தெரிஞ்ச ஜனங்க, அதப் பாக்கற குழாய்க்கு எலுமிச்சம்பழம் கட்டியிருக்காங்க. வேலை இருக்கும்மா. மூணு வருஷத்துக்கு வேலை இருக்கு. வேனுக்கும் சேத்தே எழுதிடறேன்."

கார் தெருமுனை திரும்புகிறவரை காயத்ரி அடக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் ஓடிப்போய்ப் பவுனம்மாளைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அத்தன பேரும் சொதப்பினாங்க. நீங்க ஒருத்தர்தான் பிரமாதமா நடிச்சு வேனைக் காப்பாத்தினீங்க. கடைசி நேரத்துல இதக் கட்டணும்னு எப்படிக்கா தோணுச்சு?"

பவுனம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"திட்டாத டீச்சரம்மா. ஞாயித்துக்கெழமைன்னா நீ வர்றதுக்குள்ள அவுத்து ஒளிச்சு வெச்சிடுவேன். இன்னிக்கு நீ குடுத்த டென்ஷன்ல மறந்துட்டேன்."