முழங்கால் தண்ணியில் வைத்த நேர்த்தி

தீவில் பிறந்தவர்களுக்கெல்லாம் கடல் தெரியும் என்று வெளி ஆட்கள் நினைப்பார்கள். அது பிழை. எங்களுடையது தோட்டக்காரக் குடும்பம். வெங்காயமும் புகையிலையும் பனையும்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் சுருவிலில், வாசல் படலையைத் திறந்தால் கடல். ஆனால் நான் அதில் கால் நனைப்பது ஆடி அமாவாசைக்கு மட்டும். இந்த உண்மையை அறுபத்தெட்டு வயதுவரைக்கும் நான் யாருக்கும் சொன்னதில்லை. அதனால் வந்த வினைதான் இது.

ராசமணியும் கமலாவும் என்னோடு படித்தவர்கள். (நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவர்கள் மேலே படித்து, நாட்டையும் விட்டுப் போனார்கள்.) ராசமணி பாரிஸ், கமலா கனடா. சில வருடங்களுக்கு முன் இரண்டு பேரும் ஒன்றாக வந்து என் வீட்டில் தங்கினார்கள். வந்த அன்றே ராசமணி போனில் படம் காட்டத் தொடங்கிவிட்டாள். கிரேக்க நாட்டில் பாய்க்கப்பலில் தீவு தீவாகப் போனாளாம். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கையில் தோடம்பழச் சாறு.

"எடி பரமேசு, நீ இதொண்டும் காணேல்லை, என்ன?" என்றாள்.

அவள் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆனால் எனக்கு ரோசம் ஏறிவிட்டது.

"உதென்ன பெரிய தீவு? இந்தக் கடல் எனக்கு என்ர வீட்டு வளவு மாதிரி. நயினாதீவு, அனலைதீவு எல்லாம் நான் பாய் வள்ளத்தில கூட்டிக்கொண்டு போறன்."

ஊரோடு கிடந்தவளும் ஒரு ஆள்தான் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் திரும்பிப் போகவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சூசைதாசன் என்ற மீன்பிடிகாரர் பாய் கட்டின வள்ளம் ஒன்று வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அதில் ஏற்றிக் காட்டுவார். அடுத்த நாள் காலமை பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு ஏறினோம். காற்றுப் பிடித்துப் பாய் உப்பினதும் கமலா கைதட்டினாள். நான் பாய்மரத்தடியில் கால் நீட்டி இருந்துகொண்டு, தெரியாத தீவுக்கெல்லாம் பெயர் சொன்னேன். ஒன்றிரண்டு சரியாகவும் இருந்திருக்கும்.

எதிரே நயினாதீவு அம்மன் கோபுரம் தெரிந்தது. வள்ளமோ வேறு பக்கம் திரும்பியது.

"தம்பி, கோயில் உந்தா நிக்குது. ஏன் சுத்திப் போறீர்?"

"நேர போனால் மேடு அக்கா. இப்ப தண்ணி வத்தியிருக்கு."

"எனக்குக் கடல் படிப்பிக்க வேண்டாம். மத்தியானப் பூசைக்குப் போகவேணும். நேர விடும்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வள்ளத்தைக் கோபுரத்துக்கு நேரே திருப்பினார். (அடக்கமான மனிதர் என்று நினைத்தேன். நடக்கப்போவதைத் தவறவிட அவருக்கு மனமில்லை என்று இப்போது படுகிறது.)

கொஞ்சத் தூரம்தான். அடியில் கரகரவென்று ஒரு சத்தம். வள்ளம் குலுங்கி நின்று ஒரு பக்கம் சரிந்தது. மூடி திறந்திருந்த குடிதண்ணீர்க் கான் உருண்டு என் மடியில் ஊற்றியது. மடி நனைந்ததும், வள்ளம் பிளந்து கடல் உள்ளே வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன்.

"அம்மாளாச்சி, எங்களைக் கரை சேர்த்துவிடு தாயே. சாகுமட்டும் நண்டு தின்னமாட்டன்."

ஏன் நண்டு? அம்மனுக்கு நேர்த்தி வைப்பதென்றால் விருப்பமானதைத்தானே விடவேண்டும். முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு இருந்தால் நான் மூன்று பேருடைய சோற்றைத் தின்கிற ஆள். நண்டையே விட்டுவிட்டேன் என்றதும் கமலா பயந்து அழத் தொடங்கினாள்.

அப்போது எங்களுக்குப் பக்கத்தால் ஒரு மனிதர் நடந்து வந்தார். கடலில்தான். மடித்துக் கட்டின சாரம், வாயில் சுருட்டு, தோளில் பனையோலைப் பை. தண்ணீர் அவருடைய முழங்காலுக்குக் கீழே. பைக்குள்ளே உயிர் நண்டுகள்.

"என்ன சூசை, மேட்டில ஏத்திப்போட்டியோ?"

"அக்கா நேர விடச் சொன்னவ."

"அவ ஏன் மரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா?"

ராசமணி எட்டிப் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள், இறங்கினாள். இடுப்பில் கை வைத்துக் கடலுக்குள் நின்றாள்.

"இறங்கடி பரமேசு. உன்ர வளவுதானே."

சேலையை வரிந்துகட்டி இறங்கினேன். சூசைதாசன் முன்னால் கயிற்றை இழுக்க, மூன்று கிழவிகளும் பின்னால் நின்று தள்ளினோம். ராசமணி சிரித்த சிரிப்பில் அவளுக்குத் தள்ள ஏலவில்லை.

"கிரேக்கத்தில நான் இப்பிடிச் சிரிக்கேல்லையடி," என்று கண்ணைத் துடைத்தாள்.

பூசை மணி அடிக்கும்போது சேறும் உப்புமாகப் போய்ச் சேர்ந்தோம். கும்பிட்டு முடிந்ததும் நான் மெதுவாக ஐயரிடம் போனேன்.

"ஐயா, முழங்கால் தண்ணியில வைச்ச நேர்த்தி செல்லுமோ?"

அவர் விபூதித் தட்டோடு நின்று யோசித்தார். "வைக்கேக்க ஆழம் இவ்வளவெண்டு அம்மாளுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை ஐயா."

"கரை சேர்ந்தனீங்களோ?"

"ஓம்."

"அப்ப செல்லும்."

பின்னால் நின்ற கமலா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அன்று தொட்டு நான் நண்டு தின்றதில்லை. பாரிசிலும் கனடாவிலும் இந்தக் கதை பரவி, நான் கண்டறியாத ஆட்கள்கூடப் போனில் என் சுகத்தோடு நண்டையும் விசாரிக்கிறார்கள். வீட்டில் யாராவது எதற்காவது பதறினால், "முதல்ல காலை இறக்கிப் பார்" என்பதுதான் எங்கள் பேச்சு.

போன கிழமையும் மகள் நண்டு சமைத்தாள். எனக்குக் கத்தரிக்காய். மருமகன் ஒரு நண்டுக்காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"மாமி, அண்டைக்கு ஆழம் எவ்வளவு?"

"உமக்கு நீந்தத் தெரியுமோ தம்பி?"

"இல்லை மாமி."

"அப்ப எண்டைக்காவது வள்ளத்தில ஏறினால், கத்தரிக்காயை விடுறன் எண்டு நேர்த்தி வையும்."