குல்ஃபிப் பானைக்குள் ப்யூட்டேன் டப்பா

மல்காஜ்கிரி,
9.5.2009

கோவில்பட்டியில் இருக்கும் மரியாதைக்குரிய அத்தான் செல்லப்பா அவர்களுக்கு, மைத்துனன் கிருஷ்ணமூர்த்தி கும்பிட்டு எழுதுவது. இங்கே நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில் நானும் உங்கள் தங்கச்சி தாயம்மாளும் வெந்தபடி சௌக்கியம். அங்கே தாங்களும் என் அன்னக்கிளி அக்காவும் வேகாமல் சௌக்கியமாக இருக்க வேண்டியது.

நிற்க. இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்கூட்டியே கணித்திருந்தேன் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். கவலைப்பட ஒன்றும் இல்லை. ஏன் போன் போடாமல் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். போன் போட்டால் அக்கா எடுப்பாள், எடுத்தால் குறுக்குக் கேள்வி கேட்பாள், விஞ்ஞான விஷயத்தைக் குறுக்குக் கேள்விக்கு நடுவில் விளக்க முடியாது. கவலைப்பட ஒன்றும் இல்லை என்று மறுபடி சொல்லிக்கொள்கிறேன்.

விஷயம் உங்கள் மகள், நம் நீலாவின் இமயமலைப் பயணம் சம்பந்தப்பட்டது. கம்பெனியில் பதினொரு பேர் சேர்ந்து இருபதாம் தேதி பனிமலை ஏறுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். டெல்லிக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இங்கே சாப்பிட வந்தவள், பையிலிருந்து உள்ளங்கை அகல அடுப்பு ஒன்றையும் டால்டா டப்பா போல ஒரு கேஸ் டப்பாவையும் எடுத்து வைத்தாள். "மாமா, ஆளுக்கொரு பொறுப்பு. அடுப்பையும் கேஸையும் என் தலையில கட்டிட்டாங்க. மேல தண்ணியே கிடையாது, பனியை உருக்கித்தான் குடிக்கணும். ரயில்ல டப்பா கொண்டுபோக விடமாட்டான், மலையடிவாரத்துலதான் வாங்கணும். ப்யூட்டேன் வாங்கவா, ப்ரொப்பேன் வாங்கவா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றாள். அத்தான், இந்தக் கேள்வியை அவள் யாரிடம் கேட்டாள் பார்த்தீர்களா? கம்பெனியில் எம்.டெக் படித்தவன் எத்தனையோ பேர் இருக்க, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தொரு வருஷம் கேஸ் கட்டிங் பார்த்த மாமனிடம் கேட்டாள். ஒரு தடவை மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி நான் வைத்த ஜ்வாலையைப் பார்த்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, "இப்படி ஒரு நீலத்தை ஜெர்மனியில்கூடப் பார்த்ததில்லை" என்றவர்தான்.

நான் உடனே வாயால் சொல்லிவிடுகிறவன் இல்லை. பரிசோதனைதான் நம் வழி. அந்த ப்யூட்டேன் டப்பாவை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் அடுப்பை மாட்டிப் பற்றவைத்தேன். பகல் பன்னிரண்டு மணி. அத்தான், என்ன வேகம்! டீத்தூள் போடுவதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. உள்ளே போய் வெள்ளைத் தாள் எடுத்து, "மலைக்கு ப்யூட்டேன் மட்டுமே வாங்கவும், வேறு எவர் பேச்சையும் கேட்கக் கூடாது" என்று எழுதி, கீழே கையெழுத்தும், அதற்குக் கீழே ஓய்வு பெற்ற கேஸ் நிபுணர் என்று பதவியும் போட்டுக் கொடுத்தேன். பிள்ளை அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, மாதிரிக்குக் கொண்டுவந்த அடுப்பையும் டப்பாவையும் இங்கேயே விட்டுவிட்டு டெல்லி ரயில் ஏறிவிட்டாள். பத்து நாள் அங்கே ட்ரெயினிங், பிறகு நேரே மலை.

நேற்று முன்தினம் நம் மாடி போர்ஷனில் இருக்கும் ரகுநாதன், பட்டான்செரு கெமிக்கல் ஃபேக்டரியில் ஷிப்டு பார்க்கிற திருச்சிப் பையன், தண்ணீர் மோட்டார் போடக் கீழே வந்தான். பேச்சுவாக்கில் பெருமையாகச் சொன்னேன். அவன் கையில் இருந்த பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டான். "சார், என்ன சார் பண்ணிட்டீங்க? ஜீரோ டிகிரிக்குக் கீழ போனா ப்யூட்டேன் ஆவியாகாது சார். டப்பாக்குள்ள தண்ணி மாதிரி கம்முனு கெடக்கும். அடுப்புக்கு ஒண்ணும் வராது." நான் சிரித்தேன். "தம்பி, நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் கேஸ் பிடிச்சவன்" என்றேன். "நீங்க பிடிச்சது ஒர்க்‌ஷாப்ல சார், பனியில இல்ல" என்றான். அத்தான், வாடகைக்கு இருப்பவன் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை. தாயம்மாள் வேறு, "பச்சப் புள்ள, மொட்ட மாடி வெயில்ல வச்சுப் பாத்துட்டு எமயமலைக்குச் சீட்டு எழுதிக் குடுத்தீங்களே" என்று ஆரம்பித்துவிட்டாள்.

சரி, பரிசோதனையே தீர்க்கட்டும் என்று கிளம்பினேன். மே மாச ஹைதராபாத்தில் இமயமலைக்கு எங்கே போவது? அங்கேதான் என் மூளை. மூன்று மணிக்கு நம் தெருவுக்கு வரும் குல்ஃபி வண்டி அப்துல் காதரின் பானைக்குள் ஐஸும் கல்லுப்பும் கலந்து கிடக்கும். அதில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். டப்பாவோடு போய், "காதர் பாய், இதைக் கொஞ்ச நேரம் உள்ள வைக்கணும்" என்றேன். அவர் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கைக்கு சாச்சா? நக்கோ சாச்சா, நக்கோ! மேரா குல்ஃபி கேஸ் கா வாஸ் மாரேகா!" வேண்டாம், என் குல்ஃபியில் கேஸ் நாற்றம் அடிக்கும் என்று தெருவே கேட்கக் கத்தினார். "என் மருமகள் உயிர் பாய்" என்றேன். அவர் குல்ஃபிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, டப்பாவைக் கழுத்துவரை ஐஸில் புதைத்து, மேலே இன்னொரு கை உப்பும் அவராகவே போட்டார். ரகுநாதன் ஃபேக்டரித் தெர்மாமீட்டரைச் சொருகினான். மைனஸ் எட்டு. முக்கால் மணி நேரம் கழித்து நம் ஊர்த் தீக்குச்சியைக் கிழித்தேன். ஆறு குச்சி, அத்தான். ஆறும் அழகாக எரிந்தது. அடுப்பு மட்டும் 'புஸ்' என்று ஒரு மூச்சுக்கூட விடவில்லை. அதற்குள் காலனியே கூடிவிட்டது. "ஹவ், ஊட்டிபோச்சு" என்று, அதாவது எல்லாம் வெறும் புஸ்வாணம் என்று, யாரோ சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தப் பானைக்குள் பதினொரு பேர் வெறும் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எல்லோரும் நீலாவைப் பார்க்கிறார்கள். நீலா என் சீட்டைப் பார்க்கிறாள்.

"அப்போ சுத்த ப்ரொப்பேன்தான்" என்று உடனே தீர்ப்பை மாற்றினேன். ரகுநாதன் தலையில் அடித்துக்கொண்டான். ப்ரொப்பேன் மைனஸ் நாற்பதிலும் எரியுமாம், ஆனால் அதற்கு இருக்கிற அழுத்தத்துக்கு இந்த மெல்லிய டப்பா தாங்காதாம், கனத்த இரும்பு உருளைதான் வேண்டுமாம், அதைச் சுமந்துகொண்டு எவன் மலை ஏறுவான் என்றான். ஆகவே இரண்டும் கலந்த டப்பா மலையடிவாரக் கடைகளில் கிடைக்கும், குளிருக்கு என்று கேட்டு அதைத்தான் வாங்க வேண்டும் என்பது முடிவு. நான் சொல்ல வந்ததும் அதுதான். அவன் முந்திக்கொண்டான்.

அப்புறம் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை நீலாவுக்குப் போன் போட்டதுதான். "மாமா எழுதிக் குடுத்த சீட்டைக் கிழிச்சுப் போடு தாயி, கலப்பு டப்பாவே வாங்கு" என்றேன். "சரி மாமா, எழுதிக்கிட்டேன். உங்களை மாதிரி தப்பை ஒத்துக்கிற பெரியவங்க யாரு இருக்காங்க" என்று நெகிழ்ந்துவிட்டாள். ஆகையால் எல்லாம் சுபம். இது உங்கள் தகவலுக்கு மட்டும். அக்காவிடம் குல்ஃபிப் பானை வரை சொன்னால் போதும்.

உங்கள் இருவர் உடம்பும் வெயிலிலும் வாயுத் தொல்லையிலும் அகப்படாமல் இருக்கக் கழுகுமலை முருகனை வேண்டிக்கொண்டு, வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லி முடிக்கிறேன்.

தங்கள் அன்பு மைத்துனன்,
கி. கிருஷ்ணமூர்த்தி

பி.கு: அத்தான், கவரை ஒட்டப்போனேன், கை வரவில்லை. மேலே எழுதியதில் நீலாவுக்குப் போன் போட்டது மட்டும் நடக்கவில்லை. நம்பரைப் போட்டேன், மூன்று தடவை. மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவளே திருப்பிக் கூப்பிட்டு, "என்ன மாமா, மிஸ்டு கால்?" என்றாள். "சும்மாதான், சாப்பிட்டியான்னு கேக்க" என்றேன். "சீட்டு பத்திரமா இருக்கு மாமா, எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்" என்றாள். "சரி தாயி" என்று வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே நீங்கள் அவளுக்குப் போன் போட்டு, கலப்பு டப்பா வாங்கச் சொல்லுங்கள். உங்கள் யோசனை என்றே சொல்லுங்கள், மாமன் எழுதியது தப்பு என்றும் சொல்லிக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். எடுக்க மாட்டேன்.